நூல் அறுந்த பட்டம்

கடல்காற்று எழுந்த பிறகு மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தால், பட்டம் விடும் ஒரு பையனாவது கண்ணில் படுவான். 2022 ஆகஸ்டில் இங்கே சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்தது. பிறகு அது வடக்கே திருவிடந்தைக்கு இடம் மாறியது. திருவிழாப் பட்டங்கள் ராட்சதமானவை. ஒன்றைப் பிடிக்கவே நாலைந்து பேர் வேண்டும். நமக்கு வேண்டியது அந்தப் பையனின் காகிதப் பட்டம்தான்.

பட்டத்தைக் கையில் எடுத்ததும் அவன் முதலில் பார்ப்பது சூத்திரத்தை. பட்டத்தின் மேலிருந்தும் கீழிருந்தும் வரும் இரண்டு நூல்கள் சேருமிடத்தில் போடும் முடிச்சு அது. முடிச்சை அரை அங்குலம் நகர்த்தினால் போதும், பட்டம் காற்றை எதிர்கொள்ளும் சாய்வு மாறிவிடும். சாய்வு போதாவிட்டால் பட்டம் ஏறாது. கூடிப்போனால் தலையை ஆட்டி, கரணம் போட்டு, மணலில் வந்து குத்தும். இயற்பியல் புத்தகத்தைத் திறக்காமலே அவனுக்கு இது தெரியும்.

இன்னொரு பட்டத்தோடு டீல் போடும்போது நூல் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதுவரை கம்பீரமாக நின்ற பட்டம் சட்டென்று துணிபோலத் தளர்ந்து, காற்றோடு காற்றாக மிதந்து, யார் வீட்டு மாடியிலோ விழும். காற்று அப்படியேதான் இருக்கிறது, பட்டமும் கிழியவில்லை. நூல் மட்டும்தான் இல்லை.

ஒரு சிறு விமானம் தரையை விட்டு எழும்பிய முதல் நிமிடத்தில் அதன் என்ஜின் நின்றால் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

எடையே நூலாகும் வித்தை

பட்டத்தை நூல் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால்தான் காற்று அதன்மேல் மோதி அதைத் தூக்குகிறது. இழுத்துப் பிடிக்க ஆளில்லாவிட்டால் பட்டமும் காற்றின் வேகத்திலேயே நகரத் தொடங்கும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் மோதல் ஏது, தூக்கல் ஏது?

விமானத்தில் நூலின் வேலையை என்ஜின் செய்கிறது. இழுப்பதற்குப் பதிலாக இறக்கையைக் காற்றுக்குள் தள்ளுகிறது. இறக்கையும் காற்றும் ஒன்றையொன்று வேகமாகக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று இறக்கை கேட்பதில்லை.

இங்கேதான் விமானம் பட்டத்தை மிஞ்சுகிறது. என்ஜின் நின்றதும் விமானி மூக்கைத் தாழ்த்தினால், விமானம் சரிவில் இறங்கும் சைக்கிள்போலத் தன் எடையாலேயே முன்னே வழுக்கிச் செல்லும். வேகம் நிலைத்திருக்கும், இறக்கை தூக்கிக்கொண்டே இருக்கும். அறுந்த நூலுக்குப் பதிலாக எடையே நூலாகிவிடுகிறது. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172 விமானம் இப்படி ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் முன்னே போகும்.

மூக்கைத் தாழ்த்தாமல், உயரத்தை இழக்க மனமில்லாமல், விமானி அதை மேலே தூக்கியே பிடித்தால்? சூத்திரம் தவறிய பட்டத்தின் கதிதான். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது, மேல்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பிக்கும். தூக்குவிசை திடீரென்று சரியும். இதற்குப் பெயர் ஸ்டால். சிக்னலில் வண்டி ஸ்டால் ஆவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நிற்பது என்ஜின். இங்கே என்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கை ஸ்டால் ஆகலாம். ஒரு இறக்கை மற்றதற்கு முந்திக்கொண்டு ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து சுழலும். அதிலிருந்து மீள்வதற்கு உயரம் வேண்டும். முதல் நிமிடத்தில் இல்லாதது அதுதான்.

கையிருப்பு 57 மீட்டர்

உயரமும் வேகமும் விமானியின் இரண்டு சேமிப்புக் கணக்குகள். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடலாம். மூக்கைத் தாழ்த்தினால் உயரம் வேகமாகும், உயர்த்தினால் வேகம் உயரமாகும். என்ஜின் ஓடும்வரை இரண்டிலும் வரவு இருக்கும். நின்ற கணத்திலிருந்து செலவு மட்டுமே.

செஸ்னா 172 மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இயக்க ஆற்றல் முழுவதையும் உயரமாக மாற்ற முடிந்தால் எவ்வளவு கிடைக்கும்? பள்ளிக்கூடச் சூத்திரம்தான்: வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை 57 மீட்டர். அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டருக்குக் கீழே போனால் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். ஆக, மேலெழும்பும் விமானத்திடம் உயரமும் குறைவு, வேகமும் குறைவு. மூக்கோ வானத்தைப் பார்த்திருக்கிறது. மற்ற நேரத்தில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். இந்த ஒரு நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து கைவிடுகின்றன.

நமக்கு மறக்க முடியாத ஒரு விபத்து இந்த நிமிடத்தில் நடந்ததுதான். ‘அருணாச்சலம்’, ‘படையப்பா’ படங்களில் நடித்த சௌந்தர்யா 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலிலிருந்து ஒரு செஸ்னா 180 விமானத்தில் கிளம்பினார். தேர்தல் பிரசாரத்துக்காக ஆந்திராவுக்குப் போய்க்கொண்டிருந்தார். எழும்பிய சற்று நேரத்திலேயே விமானம் அருகிலிருந்த வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. விமானி உட்பட நான்கு பேரும் இறந்தார்கள்.

பெரிய விமானமும் இந்த நிமிடத்துக்கு விதிவிலக்கல்ல. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 எழும்பிய அரை நிமிடத்தில் மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். இரண்டு என்ஜின் இருந்தும், இரண்டும் ஒருசேர விசையிழந்தால் அதுவும் நூல் அறுந்த பட்டம்தான்.

கடற்கரைக் கோயிலிலிருந்து ஐந்து ரதம் வரை

என்ஜின் நின்றதும் மனித மனம் சொல்லும் முதல் யோசனை: திரும்பிப் போ. பின்னால் ஓடுபாதை இருக்கிறது, தீயணைப்பு வண்டி இருக்கிறது, முன்னால் என்ன இருக்கிறதோ தெரியாது. இயல்பான இந்த யோசனைக்குப் பலியானவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் விமானிகள் இதற்கு ‘முடியாத திருப்பம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடற்கரைக் கோயிலுக்கு நேர்மேலே 150 மீட்டர் உயரத்தில் என்ஜின் நிற்கிறது. ஒன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில், காற்றில்லாத நாளில், நேராகப் போனால் 1,350 மீட்டர் போகலாம். கோயிலிலிருந்து ஐந்து ரதங்களுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். நேர்கோட்டில் இது நல்ல தூரம். இதே 150 மீட்டரைக் கொண்டு திரும்ப முயன்றால்?

முதல் நான்கு நொடி திகைப்பிலேயே போகும். ‘என்ன ஆயிற்று?’ என்று மூளை கேட்டு முடிப்பதற்குள் 15 மீட்டர் போய்விடும். பிறகு விமானத்தை 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 200 மீட்டர். அரைவட்டம் அடித்து முடிக்கும்போது விமானம் எதிர்த்திசையைப் பார்க்கும். ஆனால் ஓடுபாதையின் கோட்டிலிருந்து 400 மீட்டர் தள்ளி நிற்கும். கோட்டுக்கு வர இன்னும் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். அரைவட்டத்தோடு இது முடியாது, கிட்டத்தட்ட முக்கால் வட்டத்துக்கு ஈடான வேலை. சாய்ந்து திரும்பும்போது இறங்கும் வேகமும் கூடுவதால், இதற்கு மட்டும் ஏறத்தாழ 120 மீட்டர் செலவு. மிச்சம் 15 மீட்டர், ஒரு தென்னை மர உயரம். ஓடுபாதை இன்னும் முன்னால் எங்கோ இருக்கிறது.

‘இன்னும் கொஞ்சம் சாய்த்துச் சீக்கிரம் திரும்பலாமே’ என்று கை தானாகச் சொல்லும். உயிரைப் பறிப்பது அதுதான். சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை, எடையோடு திருப்பத்தின் விசையையும் சேர்த்துச் சுமக்கிறது. 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் ஆகும் வேகம் 90-லிருந்து 107 ஆகிவிடும். 60 டிகிரியில் அது 127. நம் விமானமோ 120-ல் போய்க்கொண்டிருக்கிறது. அதாவது, அந்தச் சாய்வில் உயரத்தையும் பிடித்துக்கொள்ள முயன்றால் இறக்கை ஸ்டால் ஆகியே தீரும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. விமானங்கள் எதிர்காற்றை நோக்கித்தான் எழும்பும். திரும்பியதும் அதே காற்று முதுகில் தள்ளும். தரையைத் தொடும்போது வேகம் அந்த அளவுக்குக் கூடியிருக்கும். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும்.

அதனால்தான் பயிற்றுநர்கள் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: மூக்கைத் தாழ்த்து, முன்னால் பார், இரு பக்கமும் கொஞ்சம் விலகி எது காலியாகக் கிடக்கிறதோ அங்கே இறக்கு. வயலோ, வற்றிய ஏரியோ, சாலையோ எதுவாயிருந்தாலும் சரி. விமானம் நொறுங்கலாம். கட்டுப்பாட்டோடு தரையைத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்டால் ஆகித் தலைகுப்புற விழுந்தால் அது இல்லை.

பாதி செத்த என்ஜின்

முழுதாக நின்ற என்ஜினைவிட ஆபத்தானது பாதி நின்ற என்ஜின் என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் 2010 வரை ஒற்றை என்ஜின் விமானங்களைப் பற்றி வந்த தகவல்களைத் தொகுத்தது. டேக் ஆஃபுக்குப் பின் விசை பகுதியளவு குறைந்தவை 242. அவற்றில் 9 உயிரிழப்பில் முடிந்தன. முழுதாக நின்றுபோனவை 75. அவற்றில் ஒன்றில்கூட உயிரிழப்பு இல்லை.

காரணம் இயந்திரத்தில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. என்ஜின் செத்துவிட்டால் விமானிக்குச் சந்தேகமில்லை. பயிற்சியில் செய்ததைச் செய்துவிடுகிறார். இருமிக்கொண்டு, விட்டு விட்டு ஓடும் என்ஜினோ ‘கொஞ்சம் பொறு, இதோ சரியாகிவிடும்’ என்று ஆசை காட்டும். அவர் திரும்பிப் போக முயல்வார், மூக்கைத் தூக்கிப் பிடிப்பார், வேகம் கரைவதைக் கவனிக்க மாட்டார்.

எதனால் இருமுகிறது?

காலையில் சிறு விமானத்தைக் கிளப்பும் முன் விமானி செய்யும் ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. இறக்கையின் அடியில் உள்ள வால்வில் அதை அழுத்தி, டேங்கின் அடிமட்டத்துப் பெட்ரோலைக் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். விமானப் பெட்ரோலுக்கு இளநீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். நீலத்துக்குக் கீழே நிறமற்ற ஒரு படலமோ, உருளும் குமிழோ தெரிந்தால் அது தண்ணீர். பாதி காலியான டேங்கில், இரவின் குளிரில், ஈரக்காற்று வியர்த்துச் சேர்ந்தது. நம்முடையதுபோன்ற கடலோரத்தில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது. தரையில் சும்மா ஓடும்போது தொல்லை தராத அந்தத் தண்ணீர், டேக் ஆஃபில் மூக்கு உயர்ந்து, என்ஜின் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் நேரத்தில் குழாய்க்குள் வந்து சேரும்.

இரண்டாவது காரணம் கேட்கவே வினோதமானது: பனிக்கட்டி. செங்கல்பட்டு வெயிலில் பனியா? பழைய பைக்குகளில் இருந்த கார்புரேட்டர் இன்றும் பல சிறு விமானங்களில் இருக்கிறது. அதன் குறுகிய தொண்டையில் காற்றழுத்தம் குறைகிறது, பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20 டிகிரிக்கு மேலும் இறக்கிவிடலாம். ஈரப்பதம் மிகுந்த 25 டிகிரிக் காற்று உள்ளே நுழைந்தால் தொண்டையில் பனி படிந்து மூச்சை அடைக்கும். குறிப்பாக, என்ஜின் மெதுவாக ஓடும்போதும், ஓடுபாதை ஓரத்தில் நெடுநேரம் முறைக்குக் காத்திருக்கும்போதும் இது சேரும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஒரு குமிழ் இதற்காகவே இருக்கிறது.

மூன்றாவது வெயிலே. காற்று சூடேறினால் அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்கு மூச்சும் குறையும். அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி கொதிக்கும் நாளில், கடல் மட்டத்திலேயே நிற்கும் விமானம் தான் 800 மீட்டருக்கு மேல் நிற்பதாக உணரும். மாமல்லபுரத்தில் நின்றபடியே கிட்டத்தட்டப் பெங்களூருக்குப் போய்விட்ட மாதிரி. பெங்களூரிலோ தரையே 900 மீட்டருக்கு மேல். அங்கே 33 டிகிரி அடிக்கும் நாளில் விமானத்தின் கணக்கில் உயரம் ஏற்காட்டையும் தாண்டிவிடும். ஓடுபாதை நீளமாக வேண்டும், ஏற்றம் மந்தமாகும். ஆள்களும் மூட்டைகளும் அதிகமானால் இன்னும் மோசம்.

நான்காவது, நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருமையான பறவைகள். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். அது 120 கிலோமீட்டர் வேக விமானத்தின் கண்ணாடியில் மோதினால், பத்துக் கிலோ அரிசி மூட்டையை இரண்டு மாடி உயரத்திலிருந்து போட்ட அடி. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் குப்பை கொட்டுவதையும் ஆடுமாடு அறுப்பதையும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி தடைசெய்வது இதற்காகத்தான். விதி இருப்பது காகிதத்தில். பருந்து பார்ப்பது குப்பையை.

ஐந்தாவது, என்ஜினைத் தொடாமலே விமானத்தை வீழ்த்தும் மறதி. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற புத்தம்புது விமானம் சோதனைக்குக் கிளம்பியது. நிறுத்தி வைத்திருக்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போட்ட பூட்டை யாரும் எடுக்கவில்லை. மூக்கு செங்குத்தாக ஏறி, ஸ்டால் ஆகி, தரையில் மோதியது. ஓட்டியவர்களோ கைதேர்ந்தவர்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு முறையும் வாசித்துச் சரிபார்க்கும் பட்டியல் விமானிகளின் வழக்கமானது. இன்று அறுவை சிகிச்சை அரங்கில் மருத்துவர்கள் வாசிக்கும் பட்டியலுக்கும் அதுதான் முன்னோடி.

அடுத்தடுத்த இரண்டு நாள்கள்

2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து வந்த ஒரு செஸ்னா பயிற்சி விமானம், நடுவழியில் கோளாறாகி, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். மறுநாள் நவம்பர் 14 பிற்பகல், விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கினார். தரையிலும் யாருக்கும் ஒன்றுமில்லை. விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது.

இந்த பிசி-7 வந்ததே முந்தைய பாடத்தால்தான். எச்பிடி-32 தீபக் என்ற பழைய பயிற்சி விமானம் நடுவானில் என்ஜின் நின்று பலமுறை விழுந்தது. 2009 ஜூலையில் இரண்டு பயிற்றுநர்கள் இறந்த பிறகு அது பறப்பதே நிறுத்தப்பட்டது. 2013-இல் பிசி-7 வந்தது.

தனியார் சிறு விமானங்களில் அப்படித் தூக்கி எறியும் இருக்கை கிடையாது. சிரஸ் போன்ற சில விமானங்களில் விமானத்தையே தாங்கும் பாராசூட் உண்டு. அது விரியவும் சில நூறு அடி உயரம் வேண்டும். முதல் நிமிடத்தில் மிஞ்சுவது இரண்டே: விமானியின் கை, முன்னால் கிடக்கும் காலி நிலம். பல்லாவரத்தில் 1910-இல் தெ ஆஞ்செலிஸ் என்ற ஓட்டல்காரர், சிம்ப்சன் கம்பெனியில் செய்த தன் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தபோது சுற்றிலும் நிலம் தாராளமாக இருந்தது. இன்று பல்லாவரத்திலிருந்து தாம்பரம் தாண்டியும் மாடிக்கு மாடி ஒட்டி நிற்கிறது. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் இருக்கும் ஏரியையும் வயலையும் மனையாக்கும்போது, என்றோ ஒருநாள் ஒரு விமானிக்குத் தேவைப்படும் இடத்தையும் விற்றுவிடுகிறோம்.

ஒரு சிறு விமானத்தில் ஏறும் வாய்ப்பு உங்களுக்கு எப்போதாவது வந்தால், கிளம்பும் முன் விமானியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “எழும்பியதும் என்ஜின் நின்றால் எங்கே இறக்குவீர்கள்?” நல்ல விமானி கோபித்துக்கொள்ள மாட்டார். கையை நீட்டி, முன்னால் இருக்கும் ஒரு இடத்தைக் காட்டுவார். பின்னால் இருக்கும் ஓடுபாதையைக் காட்டினால் இறங்கிவிடுங்கள்.